முக்கால் இரைப்பை

தராஸ்
12 செப்டம்பர் 2018

அன்புள்ள ஸாவ்லெ,

நீ விதித்த நிபந்தனையின்படி எழுதுகிறேன். தொலைபேசியில் "ம்", "சரி", "ஒன்றுமில்லை" என்ற மூன்றைத் தவிர என் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை என்றும், அந்த மூன்றையும் கேட்பதற்காக இனி நீ காதைக் கொடுக்கப்போவதில்லை என்றும் கரகண்டாவுக்குப் புறப்பட்ட அன்று சொன்னாய். மாதத்துக்கு ஒரு கடிதமாவது ஒழுங்காக வந்தால், தொழில்நுட்பக் கல்லூரியில் உன் ஓராண்டு ஒப்பந்தம் ஜூனில் முடியும்போது வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி யோசிப்பேன் என்றும் சொன்னாய். இரண்டையும் ஒரு சொல் மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன்.

அல்மாத்தியில் அறுவை முடிந்து மூன்று வாரமாகிறது. தையல் ஆறிவிட்டது. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றிவிட்டார்கள். ஒரு வேளைக்கு நான்கு கரண்டி கஞ்சி போதுமானதாக இருக்கிறது. ஐந்தாவது கரண்டி நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. நூற்று நாற்பத்தெட்டு கிலோவில் போனவன் இன்று நூற்று முப்பத்தாறு. இது உனக்கும் நம் மகள் ஐஜானுக்கும் மட்டுமே தெரியும்.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். விடுப்புச் சான்றிதழில் "வயிற்றில் அறுவை" என்பதற்கு மேல் மருத்துவர் எதுவும் எழுதவில்லை. இயக்குநர் ஒராஸ் அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, என்ன ஆபரேஷன்?"

"வயித்துல சின்ன வேலைங்கண்ணே. முடிஞ்சுபோச்சு."

"பித்தப்பைக் கல்லா?" என்று பதிவேட்டுப் பிரிவு பீபிகுல் அக்கா கேட்டார்.

நான் தலையை அசைத்தேன். அந்த அசைவை ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

உன்னிடம் கேட்க விரும்புவது இதுதான். அலுவலகத்தில் உண்மையைச் சொல்லலாமா? அவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாக உடன் இருப்பவர்கள், மறைப்பது முறையல்ல. ஆனால் அலுவலகத்தில் எவரையும் கேலி செய்யாமல் விடாத தொக்தாரை உனக்குத் தெரியும். ஓட்டுநர் ஒருவர் போன வருடம் துருக்கிக்குப் போய்த் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்தபோது, "நாத்து நட்டாச்சு, இவருக்கு எப்போ தண்ணி திறந்துவிடணும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டான். அந்த மனிதரை இன்றுவரை நாற்றங்கால் என்றே அழைக்கிறார்கள். தவிர, என் பணி என்ன என்பதையும் நினைத்துப் பார். ஒதுக்கீட்டுக்கு மேல் ஆற்றுநீரை எடுக்காதே என்று விவசாயிகளுக்கு நோட்டீஸ் அனுப்பும் சட்ட ஆலோசகன் நான். தன் வாய்க்கு மதகு வைக்கத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டவன் என்று தெரிந்தால், அந்த நோட்டீஸை எவன் மதிப்பான்?

உன் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
கைர்கெல்தி


கரகண்டா
25 செப்டம்பர் 2018

அன்புள்ளவருக்கு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். ஒரு முறை வக்கீல் எழுதியதாக, ஒரு முறை என் கணவர் எழுதியதாக. இரண்டாவது ஆளை நெடுநாள் கழித்துப் பார்த்ததில் மகிழ்ச்சி.

நான்கு கரண்டிதான் இறங்குகிறது என்றால் அதை உட்கார்ந்து, மெதுவாக உண்ணுங்கள். கோப்பைப் புரட்டிக்கொண்டே விழுங்குகிற பழக்கம் இனி ஆகாது. ஐஜான் பரிசோதனைத் தாள்களைக் கேட்கிறாள். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நான் விட்டுவந்த கம்பளிக் காலணியைப் பேருந்தில் அனுப்பிவையுங்கள்.

என் கருத்து கேட்டீர்கள். சொல்லிவிடுங்கள். நாளைக்கே, தேநீர் வேளையில். "எடை குறைய இரைப்பையை வெட்டிக்கொண்டேன்." ஒரு வாக்கியம்தான். தொக்தார் ஒரு மாதம் சிரிப்பான், உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பான். வைத்தால் என்ன? உங்கள் முழங்காலுக்கும் இதயத்துக்கும் அவனா பொறுப்பு? நூற்று நாற்பத்தெட்டு கிலோவையும் அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். அது ரகசியமாகவா இருந்தது?

ஆம் என்றும் இல்லை என்றும் கொள்ளத்தக்க தலையசைப்பை நான் இருபத்தேழு வருடம் பார்த்தவள். அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

அன்புடன்,
ஸாவ்லெ


தராஸ்
6 நவம்பர் 2018

அன்புள்ள ஸாவ்லெ,

அக்டோபரில் எழுதாததற்கு மன்னிப்புக் கோருகிறேன். காலணியை அனுப்பியிருக்கிறேன்.

நீ சொன்னபடி சொல்லிவிடுவதென்று தீர்மானித்து, பொருத்தமான சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குள் போன மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒராஸ் அண்ணனின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து வந்தது. அலுவலகம் முழுவதும் வந்திருந்தது. நான் தட்டில் இருந்ததை இங்குமங்கும் நகர்த்திச் சமாளித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அண்ணன் எழுந்தார். பெரிய தட்டிலிருந்து குதிரைக் கறியும் வால் கொழுப்பும் மாவுத் தகடுமாக ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"வாயைத் திற தம்பி! நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு காகிதத்தையும் எனக்கு முன்னாடி படிச்சவன் நீ. நான் ஜெயிலுக்குப் போகாம இருக்கேன்னா அது இவனாலதான், கேட்டுக்கங்கடா!"

எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவர் தன் கையால் ஊட்ட வரும்போது முகத்தைத் திருப்புவது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று உனக்குத் தெரியும். அந்த நொடியில் எனக்கு இரண்டே வழிகள் இருந்தன: வாயைத் திறந்து உண்மையைச் சொல்வது, அல்லது வாயைத் திறந்து அதை வாங்கிக்கொள்வது. வாங்கிக்கொண்டேன்.

முற்றத்தில் நின்ற காருக்குப் பின்னால் ஓடி, கண்ணில் நீர் வரும்வரை வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது பீபிகுல் அக்கா நின்றிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இரைப்பைப் புற்றில் அவருடைய தம்பி இறந்தது உனக்கு நினைவிருக்கும்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒண்ணுமில்லக்கா. கொழுப்பு ஒத்துக்கல."

"அவனுக்கும் முதல்ல கறிதான் இறங்காம போச்சு" என்றார். பிறகு என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் அலுவலகத்தின் குரல் தாழ்ந்துவிட்டது. நான் போனால் பேச்சு நிற்கிறது. தொக்தார் கதவைத் திறந்துவிடுகிறான். என் மேசையில் வடிகட்டிய ஆட்டெலும்புச் சாறு ஒரு குடுவையில் இருக்கிறது. யார் வைத்தது என்று எவரும் சொல்வதில்லை. கோட்டு தோளிலிருந்து தொங்குகிறது, ஆள் நூற்றுப் பதினாறு கிலோவுக்கு இறங்கிவிட்டேன். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொக்தார் சிரிப்பதை நிறுத்திய அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக நான் நாற்காலியில் உட்காரும்போது அது தாங்குமா என்று எவரும் பார்க்கவில்லை.

அன்புடன்,
கைர்கெல்தி


கரகண்டா
21 நவம்பர் 2018

கைர்கெல்தி அவர்களுக்கு,

நேற்று மாலை பீபிகுல் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் நலமா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதிவு செய்வதில் உங்களுக்குத்தான் விருப்பம் அதிகமாயிற்றே.

"ஏம்மா ஸாவ்லெ, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? கட்டினவன் நாளுக்கு நாள் உருகி ஆபீஸ் வந்துட்டுப் போறான். நீ அங்க பிள்ளைங்களுக்குப் படம் வரையக் கத்துக்கொடுத்துட்டு இருக்கே?"

"அக்கா, அவருக்கு ஒண்ணும் இல்ல."

"என்கிட்டயே சொல்றியா? நானும் என் தம்பிகிட்ட எட்டு மாசம் அதைத்தான் சொன்னேன். அவன்கிட்ட மறைக்கிறது சரி, அது நம்ம வழக்கம். ஆனா பக்கத்துல இருந்து மறைக்கணும்டி! ஓடிப்போய் மறைக்கக் கூடாது."

வைத்துவிட்டாள். உங்களுடைய ரகசியம், அதனால் நான் உடைக்கவில்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் தராஸில் நான் சாகக்கிடப்பவனை விட்டு ஓடியவள். காய்கறிச் சந்தையில் என் அண்ணியிடம்கூட யாரோ கேட்டார்களாம்.

என் அப்பா இறந்தபோது உங்களுக்கு முதலில் தகவல் வந்தது. மரணச் செய்தியைப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும் என்ற வழக்கப்படி மூன்று பேர் கூடிவந்து எனக்குச் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்கள். அவர்கள் கூடுவதற்கு ஒரு நாள் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. உங்கள் மீது சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை என்று அன்றைக்கும் விளக்கினீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவர்களிடம் சொல்லுங்கள்.

ஸாவ்லெ


தராஸ்
17 டிசம்பர் 2018

அன்புள்ள ஸாவ்லெ,

உன் தந்தையைக் குறித்து நீ எழுதியதை மறுக்கவில்லை.

சொல்லிவிட்டேன் என்று தெரிவிக்கவே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தேநீர் வேளையில், அனைவரும் இருக்கையில், எழுந்து நின்று, "எனக்கு எந்த நோயும் கிடையாது. இதைத் தெளிவாக எல்லோரும் அறிய வேண்டும்" என்றேன். அறுவையின் தன்மையைப் பற்றிக் குறிப்பிடவில்லை. நோய் இல்லை என்ற கூற்றே உன் மீதான பழியை நீக்கப் போதுமானது என்று கருதினேன்.

பீபிகுல் அக்கா என் கிண்ணத்தில் பாலைக் கூடுதலாக ஊற்றி, "சரிப்பா, இல்லைன்னா இல்லைதான்" என்றார். தொக்தார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அறைக்கு வந்தபின் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை; வெளியே அவர்கள் பேசியது கேட்டது.

"அவர்கிட்ட இன்னும் சொல்லல போலிருக்கே."

"யார் சொல்வா? டாக்டரும் சொல்ல மாட்டாங்க. பொண்டாட்டி பாவம்... பாவமா அவ? எல்லாம் தெரிஞ்சுதானே போனா!"

"சத்தம் போடாதே. நிம்மதியா இருக்கட்டும் மனுஷன்."

நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை என்ற வழக்கத்தை நான் எண்ணிப்பார்க்கத் தவறிவிட்டேன். என் சித்தப்பாவுக்குக் கல்லீரல் போனபோது என்ன சொல்வது என்று வீட்டார் கேட்டு, "வெறும் அழற்சி" என்ற வாசகத்தை அமைத்துக்கொடுத்தவனே நான்தான். நோயில்லை என்று ஒருவன் உறுதியாகச் சொல்வது இங்கே அவனுக்கு நோய் முற்றியிருப்பதற்கான சான்றாகிவிடுகிறது.

முழு உண்மையையும் கூறவேண்டும் என்பதை ஏற்கிறேன். மேல்கரை மாவட்டத்துடனான நீர்ப்பங்கீட்டு வழக்கு பிப்ரவரியில் விசாரணைக்கு வருகிறது. எதிர்த்தரப்பு என்னைக் கேலிப்பொருளாக்க இடம் தரக் கூடாது. அதுவரை பொறுக்கும்படி வேண்டுகிறேன்.

அன்புடன்,
கைர்கெல்தி


கரகண்டா
8 ஜனவரி 2019

கைர்கெல்தி அவர்களுக்கு,

பொறுக்கிறேன். நவ்ரூஸ் வசந்தப் பண்டிகை வரை. மார்ச் இருபத்தொன்றுக்குப் பிறகு பொறுப்பதற்கு என்னிடம் எதுவும் இருக்காது.

புத்தாண்டுக்கு ஐஜான் உங்கள் இப்போதைய படத்தைப் பெரிதாக்கி இங்கே வைத்திருக்கிறாள். தாடை தெரிகிறது. கல்யாணத்தன்று பார்த்த தாடை. நான் அதன் முன் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதையாவது மறைத்து எழுதினால் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஸாவ்லெ


தராஸ்
11 மார்ச் 2019

அன்புள்ள ஸாவ்லெ,

வழக்கு நமக்குச் சாதகமாக முடிந்தது. பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, அல்மாத்தி மருத்துவமனையின் சான்றுகளை உறையில் எடுத்துக்கொண்டு ஒராஸ் அண்ணனின் அறைக்குப் போனேன். பீபிகுல் அக்காவையும் தொக்தாரையும் அங்கே வரவழைத்தேன். எதையும் விடாமல் சொன்னேன். எடையைக் குறைப்பதற்காக நானே விரும்பிச் செய்துகொண்டது, முக்கால் இரைப்பை அகற்றப்பட்டது, வெட்கத்தால் மறைத்தேன், இதில் என் மனைவியின் தவறு கடுகளவும் இல்லை. நீ எழுதித்தந்த வாக்கியத்தையும் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.

பீபிகுல் அக்காதான் முதலில் பேசினார்.

"முக்கால் இரைப்பையை எடுத்தாங்களா?"

"ஆமாக்கா."

"என் தம்பிக்கும் முக்கால்தான் எடுத்தாங்க. அவன்கிட்ட அல்சர்னு சொன்னோம். உன்கிட்ட எடை குறையன்னு சொல்லியிருக்காங்க. நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க."

"அக்கா, நானே பணம் கட்டி, நானே போய்ப் படுத்தேன். இதோ காகிதம்."

"காகிதத்துல எல்லாம் இருக்கும்பா. தம்பிக்கும் காகிதம் வாங்கினோம்."

தொக்தாரைப் பார்த்தேன். ஸாவ்லெ, நான் ஆறு மாதம் அஞ்சியது அவன் சிரிப்புக்குத்தான். அன்று அதை இரந்து நின்றேன். "டேய், சிரியேண்டா. உனக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, முன்னாடி உங்களைப் பீப்பாய், அது இதுன்னு ஏதேதோ சொல்லியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க" என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

ஒராஸ் அண்ணன் எழுந்து உள்ளங்கைகளை விரித்தார். மற்ற இருவரும் விரித்தார்கள். நீண்ட பயணம் போகிறவனுக்குச் சொல்லும் ஆசியைச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். வேறு வழியின்றி நானும் விரித்தேன், நானும் தடவிக்கொண்டேன்.

மறுநாள் என் கோப்புகள் மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கப்பட்டன. "கஷ்டப்படுத்திக்காத தம்பி. வந்து உட்கார்ந்துட்டுப் போ, அது போதும்" என்கிறார் அண்ணன்.

நீ கேட்டதைத் தவணைக்குள் செய்துவிட்டேன். இது ஏன் பயனளிக்கவில்லை என்பதற்கு என் பொறுப்பு எவ்வளவு என்பதையும் அறிவேன். ஜூனில் நீ வந்து என் பக்கத்தில் நின்றால், சந்தையில் நாம் சேர்ந்து நடந்தால், அவர்கள் நம்பக்கூடும். இதை வாதமாக எழுதவில்லை. வா என்று எழுதுகிறேன்.

உன்,
கைர்கெல்தி


கரகண்டா
20 மார்ச் 2019

அன்புள்ளவருக்கு,

"வா" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். இருபத்தேழு வருடத்தில் முதல் முறை. நன்றி.

அந்தக் கடிதத்துக்கு முன்பே பீபிகுல் கூப்பிட்டாள். இந்த முறை அழுதாள். "நான்தான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா. எடை குறைக்கன்னு எவ்வளவு அழகா அவனை நம்பவச்சிருக்கே! அந்தத் தைரியம் எனக்கு வரல" என்றாள். நான் அதுதான் உண்மை என்று சத்தியம் செய்தேன். "என்கிட்ட நடிக்க வேணாம்மா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வேறு ஏதோ வந்தது.

நான் வரப்போவதில்லை.

வந்தால், கடைசி நாட்களுக்கு வந்துவிட்டாள் என்பார்கள். நீங்கள் இருபது வருடம் நன்றாக இருந்தால், இருபது வருடமும் நான் மரணத்தை மறைக்கும் மனைவியாகவே உங்கள் பக்கத்தில் நடக்க வேண்டும். அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஊர்ப் பேச்சுக்கு நான் பயந்தவள் இல்லை.

விஷயம் அதுவல்ல. பீபிகுல் "பித்தப்பைக் கல்லா?" என்று கேட்டாளே, அந்தத் திங்கட்கிழமை நீங்கள் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். நவம்பரில் நான் கெஞ்சியபோது சொல்லியிருந்தால்கூடப் பாதிப்பேர் நம்பியிருப்பார்கள். உங்களுக்கு எந்தச் சேதமும் வராது என்று உறுதியான பிறகுதான் நீங்கள் உண்மையை வெளியே எடுப்பீர்கள். அந்தக் காத்திருப்பின் செலவை யாராவது ஒருவர் ஏற்க வேண்டியிருக்கிறது. நான் ஏற்றேன், நெடுநாள். அடுத்த முறை என்ன செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாக வரும் என்று எண்ணிக்கொண்டே உங்களுடன் உண்ணவும் உறங்கவும் என்னால் முடியாது.

கல்லூரி ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டேன். விவாகரத்துக்காகப் பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் கூட்டு விண்ணப்பத்தில் என் பகுதியை நிரப்பி அனுப்புகிறேன். ஐஜானிடம் நானே சொன்னேன், அன்றைக்கே.

மருந்துகளை விடாதீர்கள்.

ஸாவ்லெ


தராஸ்
2 ஜூலை 2019

அன்புள்ள ஸாவ்லெ,

விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றுடன் இணைத்திருக்கிறேன். உன் பகுதியில் மூன்றாம் பத்தியில் தேதி விடுபட்டிருந்தது. பென்சிலால் குறித்திருக்கிறேன், நீயே எழுதிக்கொள். மூன்று மாதமாக இதை மேசையில் வைத்திருந்ததற்குக் காரணம் எதையும் கூறப்போவதில்லை.

செய்தி வந்த அன்றே அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். பொருத்தமான சந்தர்ப்பம் பார்க்கவில்லை. வாசலில் கோட்டைக் கழற்றும்போதே சொன்னேன். "ஸாவ்லெ விவாகரத்துக் கேட்டிருக்கிறாள், பிழை முழுவதும் என்னுடையது, அவள் கேட்ட ஒன்றை நான் காலந்தாழ்த்திக் கொடுத்தேன்" என்றேன். பீபிகுல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் படியேறும்போது தொக்தாரிடம் சொன்னது கேட்டது: "பாத்தியா, இந்த நிலைமையிலும் அவளை விட்டுக்கொடுக்கல. இப்படிப்பட்டவங்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் எடுத்துக்கிறான்."

என் அறையில் இப்போது வேறொரு வழக்கறிஞர் இருக்கிறார். எனக்குச் சன்னல் ஓரமாக மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருக்கிறார்கள். காலையில் வந்து அமர்கிறேன். பத்து மணிக்குச் சாறு வருகிறது, கொஞ்சம் குடிக்கிறேன். நான் ஏதாவது கோப்பைத் தொட்டால் யாராவது மென்மையாக அதை வாங்கிக்கொள்கிறார்கள். ராஜினாமா செய்யலாம் என்று யோசித்தேன். செய்தால் படுக்கையில் விழுந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வரிசையாக வந்து நிற்பார்கள்.

சென்ற வாரம் அல்மாத்தியில் ஓராண்டுப் பரிசோதனையை முன்கூட்டியே முடித்தேன். எண்பத்தாறு கிலோ. சர்க்கரை இல்லை. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் மிகவும் மகிழ்ந்து, இன்னும் முப்பது ஆண்டுகள் தாராளமாக இருக்கலாம் என்றார். அந்த எண்ணைக் கேட்டபோது, முப்பது ஆண்டுகளா என்று திரும்பக் கேட்டேன். அவர் நான் மகிழ்ச்சியில் கேட்டதாக நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டிய கடப்பாடு உனக்கு இல்லை. நான் நலமாக இருக்கிறேன். சொன்னால் நம்பக்கூடியவள் நீ ஒருத்திதான் என்பதால் உனக்குத் தெரிவிக்கிறேன்.

கைர்கெல்தி